மாஸ்டர் குடிக்காத டீ

என் அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்துப் பணிமனைக்கு எதிரே உள்ள டீக்கடையில், பாய்லருக்குப் பின்னால் நின்று நின்றே வயதானவர். வாய் கொஞ்சம் நீளம். சர்க்கரை போதவில்லை என்று யாராவது சொன்னால், நாக்கைக் கழுவிவிட்டு வரச் சொல்வார். ஆனால் பொய் மட்டும் வராது. இது பழைய பால், வேண்டாம் என்று வாடிக்கையாளரிடமே சொல்லி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் பாதி உடம்பு கதவுக்கு வெளியே இருக்க, அவசரமாகப் பேசினார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது, டீ காபி எல்லாம் அதில் சேர்த்தி, உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையை விடக் கூடாது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டாக்டர் பேசும்போது தலையாட்டுவதுதான் மரியாதை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு.

டாக்டர் சொன்னதை அப்பா சொன்னபடியே செய்தார். காலையில் அம்மா ஒரு பாட்டிலை நிரப்பி வைப்பாள், அதோடுதான் கடைக்குப் போவார், அன்றைக்கு அவ்வளவுதான். டீயை அடியோடு விட்டார். வெயில் நாட்களில் உதடு வெடித்து ரத்தம் வரும், அப்போதும் பாட்டிலைத் தாண்டிப் போகமாட்டார். சாயங்காலம் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரை அம்மாவுக்கு ஆட்டிக் காட்டி, உன் புருஷனுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னது என்று கேட்பார்.

அப்படியும் கால் வீங்கியது. பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்கினார். மறுபடியும் அதே வார்டு.

டாக்டர் எடை பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்றார். அப்பா பாட்டில் கதையைச் சொன்னார். டீயா, அதை விட்டாச்சு என்றார். டாக்டர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பா பொய் சொல்றாரும்மா. இப்படியே குடிச்சிட்டிருந்தா எந்த மாத்திரையும் வேலை செய்யாது. அடுத்த தடவை காப்பாத்த முடியுமான்னு தெரியாது."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் வாயையெல்லாம் அடைக்கும் மனுஷன், போர்வையை இழுத்து வீங்கிய காலை மூடிக்கொண்டார். டாக்டர் போன பிறகு, நீ என்னை நம்புகிறாயா என்று மட்டும் கேட்டார். நம்பினேன். ஆனால் அந்தக் காலுக்கு யார் பதில் சொல்வது?

மதியம் வந்த நர்ஸ் ஊசி போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வார்டில் வேலை பார்ப்பவர் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கடை திறந்ததிலிருந்து என்னென்ன செய்வீர்கள் என்றாள். தொழிலைப் பற்றிக் கேட்டால் அப்பாவை நிறுத்த முடியாது. பாய்லர் பற்றவைப்பது, பால் காய்ச்சுவது, டிகாஷன் இறக்குவது. ஒவ்வொரு டிகாஷனுக்கும், பால் மாற்றும் ஒவ்வொரு தடவையும், கிளாஸில் கொஞ்சம் ஊற்றி ருசி பார்ப்பது.

"பாத்துட்டுத் துப்பிடுவீங்களா?"

"ஆளுங்க முன்னாடி டீயைத் துப்பினா அப்புறம் யாரும்மா குடிப்பாங்க? முழுங்கிடுவேன்."

கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை அப்படித்தான். கூட்டமான நாளில் இன்னும் அதிகம். அவருக்கு அது குடிப்பதே அல்ல, பாய்லரைத் துடைப்பது மாதிரி ஒரு வேலை.

நர்ஸ் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இதயத்துக்குத் தள்ளத் தெம்பில்லாததால்தான் நீர் காலிலும் நெஞ்சிலும் தேங்குகிறது, தொண்டையைத் தாண்டிய எதுவானாலும் கணக்கில் சேரும் என்றாள். புரிந்ததை இப்போது எனக்குச் சொல்லுங்கள் என்றும் கேட்டாள். அப்பா திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதைச் சொல்ல ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லையே. அந்த நேரத்தை முதலிலேயே கொடுத்திருந்தால் இந்தக் கட்டிலும் வேண்டாம், பொய்யன் என்ற பேரும் வேண்டாம்.

வீக்கம் வடிந்தது. அப்பா மறுபடியும் கடைக்குப் போகிறார். இப்போதெல்லாம் முதல் டீயை யாருக்காவது கொடுத்து, அவர் முகத்தைப் பார்த்துத்தான் சர்க்கரையைக் கூட்டிக் குறைக்கிறார். ருசி பார்த்த விஷயத்தை நர்ஸ் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு, நல்ல முன்னேற்றம் என்றார். படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

அப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொய் சொல்லல டாக்டர்," என்றார். "வாங்கல."