பச்சைக் கயிறு

ஓரிக்கை கிராமத்தில் கிருஷ்ணவேணிக்கு வாய்த்தது பாதிக் கொட்டகை. மாமனார் விட்டுப்போன மாட்டுக் கொட்டகையை அண்ணனும் தம்பியும் நடுவில் ஒரு மூங்கிலைக் கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் ஓரகத்தி இந்திராணியின் பசு ராணி. இந்தப் பக்கம் கிருஷ்ணவேணியின் மல்லி. இரண்டும் கறுப்பு வெள்ளைக் கலப்பினம், இரண்டும் சினை. வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கிருஷ்ணவேணிக்கு எதுவும் இந்திராணிக்கு அடுத்துதான். "சின்னவளுக்கு இன்னா அவசரம்?" என்ற ஒரே கேள்வியில் பெரியவள் எல்லாவற்றையும் முடித்துவிடுவாள். கணவன் வெங்கடேசன் அண்ணியை எதிர்த்து வாய் திறக்கமாட்டான். அந்த வீட்டில் கிருஷ்ணவேணியின் சொல்லைக் கேட்டது மல்லி மட்டும்தான்.

மார்கழியில் இரண்டு மாடுகளுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது. கண்ணில் நீர் வழிந்தது. விலா எலும்பு எண்ணலாம் போல் துருத்தியது. ஆராய்ச்சிக் குழுவிலிருந்து வந்த டாக்டர் சத்யப்ரியா இரத்தம் எடுத்துப் பார்த்தார். மாட்டு ஈ கடித்துப் பரவும் கிருமி உள்ளே நெளிந்துகொண்டிருந்தது.

"பழைய மருந்து இதுக்குச் சரியா கேக்கலைமா. புது மருந்து செஞ்சிருக்கோம். எவ்வளவு போட்டா போதும்னு இன்னும் தெரியாது. அதைத்தான் சோதிக்கிறோம்" என்றார். சும்மா விட்டாலும் சாகத்தான் போகின்றன என்று ஓரகத்திகள் இருவரும் தலையாட்டினார்கள்.

சீட்டு எடுத்தார்கள். ராணியின் கழுத்தில் பச்சைக் கயிறு, மல்லியின் கழுத்தில் சிவப்பு. பச்சைக்கு முழு அளவு, சிவப்புக்குப் பாதி. பொங்கல் கழித்து ஊசி. இரண்டையும் ஒரே வீட்டுப் பெயரில் எழுதிக்கொண்டதால் கயிறு மட்டும்தான் அடையாளம்.

"சாமியே பாத்துதான் குடுத்துக்குது" என்று இந்திராணி சிரித்தாள். "பாதிக் கொட்டகைக்குப் பாதி மருந்து."

மாட்டுப் பொங்கலன்று பிள்ளைகள் வழக்கம்போல மாடுகளைக் குளிப்பாட்டி, பழைய கயிறுகளையெல்லாம் அறுத்துப் பாலாற்றில் எறிந்துவிட்டுப் புதுக் கயிறு கட்டினார்கள். ஆராய்ச்சிக் கயிறும் அதோடு போயிற்று. அன்று அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஊசி போட வந்த அன்று இந்திராணி ஐயம்பேட்டைக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். டாக்டரோடு வந்த உதவியாளர் முத்துக்குமார் கொட்டகைக்குள் வந்து திகைத்தார்.

"அம்மா, கயிறு எங்கம்மா?"

"பொங்கலுக்கு மாத்திட்டாங்கபா."

"போச்சுடா! எதும்மா பச்சை?"

கிருஷ்ணவேணி மூங்கிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ராணி அசை போட்டபடி நின்றது. மல்லி அவள் முழங்கையை நக்கியது.

"இதுதான்" என்று மல்லியைத் தொட்டாள்.

"நல்லா தெரியுமாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க வூட்டு மாடு எங்களுக்குத் தெரியாதா?"

முழு அளவு மல்லிக்குள் இறங்கியது. அவள் மனதில் சின்னதாக ஒரு சிரிப்புகூட வந்தது.

டாக்டர் பெட்டியை மூடுவதற்குள் மல்லியின் வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. மாற்று ஊசி போட்டார்கள், தண்ணீர் அடித்தார்கள். மல்லி விழுந்து, கழுத்தை அவள் மடிப்பக்கம் நீட்டி அடங்கியது. வயிற்றுக்குள் கன்று கொஞ்ச நேரம் உதைத்தது. பிறகு அதுவும் நின்றது.

டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. "முழு அளவு தாங்காதுன்னு இப்பதான்மா தெரியுது. இனி எந்த மாட்டுக்கும் இவ்வளவு போடமாட்டோம்."

சாயங்காலம் வந்த இந்திராணி செத்த மாட்டைப் பார்த்தாள். முத்துக்குமாரிடம் ஃபோனில் பேசினாள். பிறகு கிருஷ்ணவேணியின் எதிரில் வந்து நின்றாள்.

"பச்சை என் ராணிக்குத்தானே கட்னாங்க?"

இந்திராணி கத்தவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. வெங்கடேசன் மருந்துக்காரர்களைத் திட்டித் தீர்த்தபோது "ஆமாம்பா, பாவிங்க" என்று கூடச் சேர்ந்து சொன்னாள்.

பிறகு போட்ட பாதி அளவில் ராணி தேறியது. மாசியில் கன்று போட்டது. மறுநாள் இந்திராணி சீம்பால் காய்ச்சி, வெல்லம் போட்டு, ஏலக்காய் தட்டிக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். கிருஷ்ணவேணிக்குத்தான் முதலில். வாழ்க்கையில் முதல் தடவை.

"துன்னுமா. பச்சைக் கயிறு மாட்டுப் பாலு."

கூடத்தில் வெங்கடேசன் இருந்தான். "அண்ணி ஆசையா குடுக்குறாங்க, வாங்கிக்கயேன்" என்றான்.

அவள் வாங்கினாள். ஒரு கரண்டி உள்ளே போயிற்று. கிண்ணம் காலியாகும்வரை இந்திராணி அங்கேயே நின்றிருந்தாள்.

"நாளிக்கும் கொண்டாறேன்" என்றாள்.