சரோஜா சிஸ்டர் கிரீஸ் வைக்க மறக்கவில்லை

சரோஜா சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி முதலில் பாதிதான் என்னிடம் வந்து சேர்ந்தது. அடிவாரத்தில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து அவருடைய தம்பி போன் செய்தார். "அக்கா விடியக்காத்தால..." என்றார். சிக்னல் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மலை இருந்த இடத்தில் மலை இல்லை, பனி மட்டும் இருந்தது. மறுபடி போன் வரும் வரை அந்தப் பாதிப் பேச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா விடியக்காத்தால எழுந்தாங்க, விடியக்காத்தால உங்களக் கேட்டாங்க என்று நானாகவே முடித்துப் பார்த்தேன். போன் வந்தது, அவர் வேறு மாதிரி முடித்தார்.

கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் கண் தானாக மூடிக்கொண்டது. மூடியதும் சிஸ்டர் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு ஒரு வளைவு கீழே, பனிக்குள், அவசரமே இல்லாமல் தடதடவென்று வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், "ஏனுங்க, பின்னால ஆராச்சும் வாராங்களா?" என்று கேட்டார். "வாராங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் கொஞ்ச தூரம் என்னோடு திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சிஸ்டரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மலைமேல் தேவனூர் நாட்டில் பிறந்தவர்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. மரவள்ளியும் மிளகும் போட்ட குடும்பம். கீழே போய் நர்ஸுக்குப் படித்துவிட்டு, மலைக்கே திரும்பி வந்து, வாழவந்தி நாட்டில் ஒரு பெரிய டாக்டர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நான் அங்கே கம்பவுண்டர். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் உயரம் ஐந்தடிகூட இருக்காது. கை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை மாதிரி சின்னதாக இருக்கும். அந்தக் கையில் எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள் என்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. அதே கைதான் எங்கள் வண்டியையும் பார்த்துக்கொண்டது.

பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி பொருத்திய பழைய வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் அது. டாக்டர் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். கர்ப்பிணிகளைத் தொட்டிக்குள் மெத்தை போட்டு உட்காரவைத்து, சிஸ்டர்தான் ஓட்டுவார். நான் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவேன். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அவர் வண்டியை உதைத்து எழுப்பியதை முதல்முறை பார்த்தபோது, "இதென்னடா கூத்து" என்று முணுமுணுத்தேன். கோபம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பொறாமைதான், வேறென்ன.

அந்த வண்டிக்குச் செயின் கிடையாது. எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக ஓர் இரும்புத் தண்டு, ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் மடங்கி மடங்கிச் சுழலும் ஜாயிண்ட் உண்டு. பின் ஜாயிண்ட் கைக்கு எட்டும். முன் ஜாயிண்ட் ஒரு ரப்பர் உறைக்குள், சட்டத்துக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் ஒளிந்துகொண்டிருக்கும். அந்த ஜாயிண்ட்டின்மேல் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு நிப்பிள். கிரீஸ் கன்னை அதில் பொருத்தி அமுக்கினால்தான் கிரீஸ் ஜாயிண்ட்டுக்குள் போகும். நிப்பிளோ ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழல்கிற சாமான். கை நுழையும் சந்துக்கு நேராக அது வரும் வரை பின்சக்கரத்தைக் கையால் உருட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, டார்ச் அடித்தாலும் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் வண்டிக்கு அடியில் கல் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துவார். இடது கையை உறைக்குள் விட்டு, வலது கையால் சக்கரத்தை மெல்ல உருட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். ஷெட்டுக்குள் பனி வந்து போய்க்கொண்டிருக்கும், எங்கோ பலா பழுத்த வாசனை வரும், அவர் தூங்குகிறாரா என்றுகூடத் தோன்றும். திடீரென்று, "வந்துட்டாங்க" என்பார். நிப்பிளுக்கும் மரியாதைதான். பிரசவம் பார்க்கும்போது குழந்தையின் தலை விரலுக்குத் தட்டுப்பட்டாலும் அதே குரலில் அதே வார்த்தைதான் சொல்வார்.

"எத்தன நேரந்தான் தடவுவீங்க, ஒரு அடையாளம் வச்சுக்கக் கூடாதா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"போன தடவ இருந்த எடத்துல இந்தத் தடவ இருக்கமாட்டாங்க, கம்பவுண்டரே. ஒவ்வொரு தடவையும் தேடோணும்" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. மருந்துக் குப்பி ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டிப் பிழைக்கிறவன் நான். சிஸ்டர் இரண்டு மாதப் பயிற்சிக்குக் கீழே போக வேண்டி வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை அவர் "வந்துட்டாங்க" என்று சொன்ன அந்த நொடியில், பின்சக்கரத்தின் உச்சியில் வெள்ளை பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைத்தேன். இனி பொட்டு உச்சிக்கு வந்தால் நிப்பிள் சந்துக்கு நேரே நிற்கும் என்பது என் கணக்கு. சிஸ்டர் பார்த்துச் சிரித்தார். "சக்கரத்துக்குத் திருஷ்டி கழிச்சிருக்கீங்க" என்று கிண்டல் செய்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அந்த இரண்டு மாதமும் சனிக்கிழமை தவறாமல் கிரீஸ் வைத்தேன். பொட்டை உச்சிக்குக் கொண்டுவருவேன், கன்னின் வளைந்த மூக்கை உறைக்குள் விடுவேன், ஏதோ ஒன்றில் முட்டும், அமுக்குவேன். உறையின் ஓரத்தில் கிரீஸ் பிதுங்கி வரும் வரை அமுக்குவேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். கையே அழுக்காகாமல் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் சரியாக மூன்று சுற்றுச் சுற்றாது, கொஞ்சம் குறைவாகச் சுற்றும். அதனால் பொட்டு உச்சிக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் நிப்பிள் வேறொரு பக்கம் நிற்கும். இது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாது.

பயிற்சி முடிந்து வந்த அன்றே சிஸ்டர் ஷெட்டுக்கு வந்தார். "முன் ஜாயிண்ட்டுக்கு வச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சேலையைச் செருகிக் குனிந்தார்.

"வாய் நிறைய வச்சாச்சு, சிஸ்டர். நீங்க கைய விடவே வேண்டாம்" என்றேன்.

"சரீங்க" என்று நிமிர்ந்துகொண்டார். என் வார்த்தையை நம்பினார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை குண்டனி நாட்டிலிருந்து ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். அவர் மனைவி பொன்னம்மாவுக்குத் தலைப்பிரசவம், வலி கண்டு ஒரு நாள் ஆகியிருந்தது. போய்த் தொட்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பனி இறங்கி, ரோடு நாலு அடிக்கு அப்பால் இல்லாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏறும் கடைசிப் பெரிய ஏற்றத்தில் வண்டிக்கு அடியில் கிரீச்சென்று ஒரு சத்தம். பிறகு படபடவென்று இரும்பு அடித்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி நின்றுவிட்டது. முன் ஜாயிண்ட் காய்ந்து, இறுகி, உடைந்திருந்தது.

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. "ஓடுங்க, ரோட்டுல லாரி எதாச்சும் நிறுத்துங்க" என்றார். நான் ஓடினேன். லாரியோடு திரும்பி வருவதற்குள் ஓரத்துப் புல்லில், என் மருந்துப் பைத் துணியின் மேல், பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை அழுதது. பொன்னம்மா அழவில்லை, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அதன்பிறகு அவருக்கு வேறு பிள்ளை இல்லை.

புது ஜாயிண்ட் வந்த அன்று சிஸ்டர் உறைக்குள் கை விட்டு வெளியே எடுத்துக் காட்டினார். உள்ளங்கை நிறைய வெண்ணெய் மாதிரி கிரீஸ். விரல் நுனியில் மட்டும் காய்ந்த சிவப்புத் துரு.

"சுத்திலும் இருக்குதுங்க. உள்ளதான் போகல" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"நான் போய்ப் பொன்னம்மாகிட்டச் சொல்லீர்றேன், சிஸ்டர்" என்றேன்.

"இப்ப வேண்டாங்க. பொன்னம்மாவுக்கு உடம்பு தேறட்டும்."

அந்த "இப்ப வேண்டாம்" எனக்கு வசதியாகப் போயிற்று. உடம்பு தேறியது. குழந்தை நடந்தது, பள்ளிக்கூடம் போனது, காலேஜும் போனது. நான் சொல்லவில்லை. சிஸ்டரும் அதைப்பற்றி மறுபடி பேசவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம், மலைக்கு ஆம்புலன்ஸ் வந்தது, வண்டி ஷெட்டில் தூங்கியது. பழைய தப்புகள் பனியில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன் போல.

சிஸ்டரைக் கிடத்தியிருந்த வீட்டு வாசலில் பொன்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் அவர் மகள், தாயைவிட உயரமாக, நின்றுகொண்டிருந்தாள்.

"சிஸ்டரு, 'அன்னிக்கு நான் கிரீஸ் வக்க மறந்துட்டேன், எம்மேல தப்பு, மன்னிச்சுக்க சாமி'ன்னு, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல நின்னு சொன்னாங்களுங்க. எங்க ஊட்டுக்காரர் கண்டபடி பேசிப்போட்டாரு. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அதுக்கப்புறம் என்னப் பாக்கறப்பெல்லாம் கையப் புடிச்சுக்குவாங்க. நான் அப்பவே மன்னிச்சுட்டனுங்க. தங்கமான மனுசி, ஒரே ஒரு தடவதான மறந்தாங்க."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த மலை முழுக்க அது சிஸ்டரின் மறதியாக இத்தனை வருஷம் இருந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் நகர்ந்தது, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நானும் பின்னால் நடந்தேன். என் ஜென்மத்தில் நான் செய்த கேவலமான காரியம் கிரீஸ் வைத்தது இல்லை, அந்த வாசலில் சும்மா நின்றதுதான்.

பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று சிஸ்டரின் தம்பி கேட்டபோது, எழுதுவதற்கு முன் குண்டனி நாட்டுக்குப் போனேன். பொன்னம்மா மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். பொட்டு வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த நாரைக் கீழே வைத்தார்.

"அப்ப, நான் இத்தன வருசமா ஆர மன்னிச்சுட்டு இருந்தனுங்க?" என்று கேட்டார்.

உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நாரை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். என்னை மன்னிப்பதும் விடுவதும் அவர் பாடு. சிஸ்டரிடம் மன்னிப்பதற்கு எதுவும் இல்லை என்பது மட்டும் அச்சில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். ஏன் அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. கம்பவுண்டர் கைமேல் நம்பிக்கை போனால் ஜனங்கள் மருந்து வாங்க வரமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். கேட்பதற்கு அவர் இல்லை.

திரும்பும் வழியில் ஷெட்டுக்குப் போனேன். சக்கரத்தில் வெள்ளைப் பொட்டு இன்னும் இருக்கிறது, மங்கிப்போய். கல் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். என் கை முரட்டுக் கை, உறைக்குள் போகும்போது முட்டித் தோல் உரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தை உருட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி உருட்டினேன். பனி உள்ளே வந்தது, போனது, எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் கடலைப்பருப்பு அளவில் ஒன்று, மெல்ல, என் விரலுக்கடியில் வந்து நின்றது.

வந்துட்டாங்க, சிஸ்டர். முன் ஜாயிண்ட்டுக்கு வச்சாச்சு. இந்தத் தடவ உள்ள போச்சுங்க. நீங்க போயிட்டு வாங்க.