ஊட்டு ஆளுக்குப் பலகை

வெயிலில் நின்ற ஆட்டோவின் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் எழுந்திருக்கும்போது, தொடையிலிருந்து தோல் பிய்ந்து வருவதுபோல் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். சிறு வயதில் அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு நாள் தவிர, அது என் தொடையிலிருந்து வந்ததே இல்லை. ஆட்டோ என் அப்பாவுடையதுதான். அதில் எனக்குத்தான் சீட்டு இல்லை.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் குடியிருந்தோம். அப்பா காலையும் மாலையும் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விடுவார். என் பள்ளியும் அதே வழியில் இருந்ததால் நானும் கூடப் போவேன். அந்தக் காலத்தில் பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோக்களில், பின் சீட்டுக்கு எதிரே, டிரைவர் முதுகுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பலகை போட்டிருப்பார்கள். சீட்டில் இருப்பவர்கள் போகிற வழியைப் பார்த்து வருவார்கள். பலகையில் இருப்பவர்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பலகையில் பாதி எனக்கு, மீதிப் பாதி எல்லோருடைய புத்தகப் பைகளுக்கும். "சவாரி சீட்டு மேல, ஊட்டு ஆளு பலகை மேல" என்பது அப்பாவின் சட்டம். காசு கொடுத்து ஏறுகிற பிள்ளைகள் எல்லோரும் அவருக்குச் 'சவாரி'. நான் 'ஊட்டு ஆளு'. வீட்டு ஆள் என்றால் சோறு தீர்ந்த பிறகு சாப்பிடுகிறவள் என்றுதான் எனக்குப் பொருள் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றி வெளியே எடுத்து வைப்பார் அப்பா. அதன் அடியில் பென்சில் சீவல், பிஸ்கட் தூள், அதற்கு வந்த எறும்பு, யாருடையதோ ஒரு ரிப்பன் எல்லாம் கிடக்கும். பெருக்கித் தள்ளிவிட்டு, ஈரத்துணியால் ரெக்சினைத் துடைத்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மறுபடி ஒரு தடவை தேய்ப்பார். மெரூன் நிறம் அப்போதுதான் பிசுக்கில்லாமல் மின்னும். தையல் விட்ட இடத்தைக் கோணி ஊசியால் அவரே தைப்பார். "சீட்டுக்கு எண்ணெ தேய்க்கிறியே, பெத்த பொண்ணு தல பரட்டையா கீதே, கண்ணு தெர்ல?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பாள். "அது சோறு போடுதும்மே" என்பார் அப்பா. பலகைக்கு எண்ணெயும் கிடையாது, மெத்தையும் கிடையாது.

அந்தப் பலகையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். இரண்டு பக்கக் கம்பியிலும் ஓட்டை போட்டு, கொக்கி மாட்டியிருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகளின் கால்களைப் பார்த்து, "சவாரி வளந்துகினே போவுது, முட்டி இடிக்குது பார்" என்று சொல்லி, கொக்கியைக் கழற்றிப் பலகையை ஓர் ஓட்டை முன்னால் தள்ளி மாட்டுவார். முன்னால் என்றால் தன் பக்கமாக. நானும்தான் வளர்ந்தேன், எனக்காகக் கொக்கியைத் தொட்டதில்லை. வருஷத்துக்கு வருஷம் அவர்களுக்குக் கால் நீட்ட இடம் கூடியது, நான் அப்பாவின் முதுகோடு ஒட்டினேன். டிரைவர் சீட்டுக்குச் சாய்மானம் கிடையாது, இடுப்பளவில் ஒரு கம்பிதான். அதற்கு மேலே என் முதுகும் அவர் காக்கிச் சட்டையும் இடித்துக்கொண்டே வரும்.

இடது ஓரம் சுமதியின் இடம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஃபாக்டரி வேலைக்கு வந்தவரின் பெண், என் வயதுக்காரி. ஓரத்தில் காற்று வரும், கடை கண்ணி தெரியும். எனக்கு அதெல்லாம்கூடப் பெரிதில்லை. முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் அந்த ஓரம் மட்டும் நன்றாக விழும். அப்பா வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் சுமதியைப் பார்த்து, "இன்னா பாப்பா, இன்னிக்கி மூஞ்சி உப்பிகினு கீது?" என்பார். அவள் சிரிப்பாள். அவர் சிரிப்பதை நான் பார்க்க முடியாது. எதிரே உட்கார்ந்து அவள் சிரிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கண்ணாடியில் அப்பாவுக்கு என் பங்காகத் தெரிந்தது பின்னந்தலையும் பின்னலும் மட்டுமே. அந்த ஓரச் சீட்டுக்காக ராத்திரி சாமி கும்பிட்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்க மட்டும் எனக்கு வாய் வராது.

ஒரு நாள் சாயங்காலம் சுமதியே வழி விட்டாள். "மாமா, இவ மட்டும் தெனமும் பலகைல உக்காருதா. இன்னைக்கு நான் உக்காந்துக்கிடுதேன்" என்றாள். "பலக குத்தும் பாப்பா" என்றார் அப்பா. "பரவால்ல மாமா." சவாரி கேட்டுவிட்டது, கொடுத்துத்தானே ஆக வேண்டும்? "ஏய், எந்திரி, சீட்டுக்குப் போ" என்றார். இத்தனை நாள் சாமியிடம் வேண்டிக் கேட்ட இடம், இன்னொருத்தி வேண்டாம் என்றதால் வந்தது.

உட்கார்ந்தேன். ரெக்சின் சுட்டது. கண்ணாடியில் அப்பாவின் கண்கள் மட்டும் தெரிந்தன, வாய் தெரியவில்லை. "சவாரிக்கு சௌரியமா?" என்று என்னைக் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அந்தக் கண்கள் ரோட்டுக்குப் போய்விட்டன. ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, பக்கத்து ஆட்டோக்காரரோடு அப்பா உரக்கப் பேச ஆரம்பித்தார். அப்போது சுமதி தோளைக் குறுக்கி நெளிந்தாள். "ஏட்டி, உங்கப்பா பேசினா எனக்கு முதுகுல கிர்ர்ங்குது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு வேண்டுமென்றே இன்னும் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ வருஷம் என் முதுகில் அதிர்ந்த குரல் அது. அது ஒரு சொத்து என்று, இன்னொருத்தி முதுகுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கண்ணாடிக்காகப் பட்ட பொறாமை வெறும் தூறல். இப்போது வந்ததுதான் மழை. இறங்கும்போது என் தொடையிலிருந்து வந்த 'சர்ர்' சத்தத்தைக்கூட நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை வீட்டிலேயே பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். குவார்ட்டர்ஸ் வாசலில் சுமதி பையோடு வந்து, "நேத்து மாதிரி நான் பலகைல மாமா" என்றாள். நான் அசையவில்லை. "தே, எறங்கு, பாப்பா கேக்குது இல்ல?" என்றார் அப்பா. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா இறங்கிச் சுற்றி வந்து என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, தலையைச் சொறிந்துகொண்டு சுமதி பக்கம் திரும்பினார். "அது ஊட்டு ஆளு எடம் பாப்பா. சவாரி ஒக்காந்தா வண்டிக்கு ஆவாது."

"நேத்து மட்டும் ஆச்சுதே?"

"அதான் ராவே பஞ்சரு!" என்று கூசாமல் புளுகினார் அப்பா. சுமதி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஓரச் சீட்டில் போய் விழுந்தாள். பள்ளி வரும் வரை அவள் முகம் சுண்டிக் கிடந்ததை நேர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனேன். அதைப் பார்க்கப் பலகையைப்போல் வசதியான இடம் வேறில்லை.

இப்போது பலகை போட்ட ஆட்டோ கண்ணில் படுவதில்லை. பிள்ளைகள் மஞ்சள் வேனில் போகிறார்கள். அப்பாவும் இல்லை. போன மாதம் அம்பத்தூரிலிருந்து ஆட்டோவில் வந்தேன்; டிரைவருக்கும் எனக்கும் நடுவில் பிளாஸ்டிக் திரை, கொரோனா காலத்தில் போட்டதாம், கழற்றவில்லை என்றார். அவர் பக்கத்தில், அந்த ஒற்றைச் சீட்டின் நுனியில், அவருடைய மகள் தொத்திக்கொண்டிருந்தாள். ஐந்து வயது இருக்கும். பள்ளி விட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகிறாராம். அவர் ஃபோனில் பேசப் பேச, அவள் அவர் விலாவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். "இடைஞ்சலா இருந்தா பின்னாடி ஒக்கார வெக்கட்டாக்கா?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஐந்து வயதுக் குழந்தையை அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.