வெள்ளை லேபிள் ரெக்கார்டு

அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஊரிலும் சேர்த்து ஜமைக்கா ரெக்கார்டு சேர்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் என்னைப் பார்த்துத் தொடங்கியவன். யாரும் கேட்காமலே இதை அந்த நாட்களில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு அரியலூரில் லேத் பட்டறையில் வேலை. சிமெண்டு லாரிகளுக்கு புஷ் என்கிற உலோக வளையம் கடைந்து கொடுப்போம். திருச்சிப் பழைய சாமான் கடைகளில் கிளறிக் கிளறி, ஆறு வருடத்தில் ரெக்கே என்கிற அந்த ஜமைக்காப் பாட்டில் பதினோரு ரெக்கார்டு சேர்த்திருந்தேன். எல்லாம் பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகள். அந்த இன்னொருவன் லப்பைக்குடிக்காட்டுக்காரன், பெரம்பலூரில் ஃபேன்ஸி கடை வைத்திருந்தான். என் வீட்டில் இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, துபாயில் இருந்த தன் மச்சானுக்கு ஒரு போன் போட்டான். அடுத்த லீவில் மச்சான் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நாற்பதுக்கு மேல். எனக்கு வயிறு எரிந்தது.

அதில் ஒன்று, பேர் ஊர் எதுவும் அச்சடிக்காத வெள்ளை லேபிள். விற்பனைக்கு வரும் முன்னால் கொஞ்சமே கொஞ்சம் அடிப்பார்களாம், அந்த ரகம். நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. "லேபிள் அடிக்க மறந்துட்டானுவ போல மாப்ள" என்றான் அவன். ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டேன். "என்னமோ தெரியல, அத மட்டும் வெளிய குடுக்க மனசு வரல" என்று சொல்லிவிட்டான்.

அந்தத் தட்டுகளுக்கு நடு ஓட்டை பெரிது. நம் பிளேயரின் நடுக்கம்பியில் மாட்டினால் வளையல் மாதிரி ஆடும். ஓட்டையை அடைக்க, நடுவில் துளையிட்ட வில்லை ஒன்று வேண்டும். நைலான் கட்டையில் எனக்கு நானே கடைந்து வைத்திருந்தேன். "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு மாப்ள, ஒன்ன விட்டா யாரு செய்வா" என்றான்.

செய்தேன். வெளிவட்டத்தைச் சரியாகக் கடைந்துவிட்டு, துளை போடும்போது மட்டும் கட்டையை அரை நூல் தள்ளிப் பிடித்தேன்; துளை நட்டநடுவில் விழாமல் மயிரிழை விலகி விழுந்தது. பட்டறையில் அப்படி ஒரு புஷ் போட்டிருந்தால் முதலாளி அதை என் தலையிலேயே எறிந்திருப்பார். தெரிந்தேதான் செய்தேன். பாட்டு இழுத்து இழுத்து ஓடும், அவனுக்குச் சலித்துப்போகும், வெள்ளை லேபிள் என்னிடம் வந்து சேரும் என்பது என் திட்டம்.

அவனுக்குச் சலிக்கவில்லை. ரெக்கேயில் தாளம் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழாது, தள்ளித்தான் விழும். குரல் கிறங்கிக் கிறங்கி வருவதும் அதோடு சேர்ந்ததுதான் என்று முடிவுகட்டிவிட்டான். என் வீட்டில் கேட்டதைவிடத் தன் தட்டுகள் ஒசத்தி என்று வேறு நம்பினான். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். பெட்டியைவிட அந்த முகத்தைப் பார்த்துத்தான் அதிகம் பொறாமைப்பட்டேன். சரியாக ஓடும் என் பதினொன்றையும் நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டு வருடம் போயிருக்கும். அரியலூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், பையில் வெள்ளை லேபிளோடு என் வீட்டுக்கு வந்தான். "கேட்டுக்கிட்டே இருந்தியே, போட்டுப் பாரு." தன் வில்லையைக் கொண்டுவரவில்லை. என்னுடையதில் மாட்டி முள்ளை வைத்தேன். பாட்டு ஒரு ஆட்டமும் இல்லாமல் நேராக எழுந்தது. எனக்குப் புல்லரித்தது. அவன் முகம் சுண்டிவிட்டது. பாதியில் முள்ளை எடுத்துவிட்டு, என் வில்லையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

"இத்தன நாளா இதுலயா கேட்டுக்கிட்டு இருக்க?"

ஆமாம் என்றேன்.

"நல்லா அமஞ்சத எனக்குக் குடுத்துட்டு, சப்புன்னு இருக்கறத நீ வச்சிக்கிட்டியா மாப்ள?" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லலியே."

உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான், எனக்கும் தெரிந்தது. அதற்குள் அவன் தட்டை உறையில் போட்டு என் பக்கம் நீட்டினான். "இது ஒங்கிட்டயே இருக்கட்டும்."

நான் வாங்கிக்கொண்டேன்.