பல் டாக்டருக்குப் போகிறேன்

போன வாரம் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

ஒரு வருஷமாக மாதம் ஒரு முறை திருச்சிக்குப் போய் மனநல டாக்டரைப் பார்த்து வருகிறேன். காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும்... அதற்குத்தான். ஊரில் அப்படியே சொல்ல முடியுமா? 'பல் டாக்டருக்குப் போறேன்' என்று சொல்லி வைத்திருந்தேன். பல் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் பாருங்கள்.

சரசு அக்கா கேட்டார். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். பஸ் ஏறப் போன என் கையைப் பிடித்து, "எனக்கும் பல்லுவலிதான். நானும் ஒங்கூடயே வாரேன்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை — பையை ஜன்னல் வழியாகப் போட்டு ரெண்டு பேருக்கும் சீட்டும் பிடித்துவிட்டார்!

வழியில் மாத்தூர் வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். என்ன சொல்லிக் கழற்றிவிடுவது? டாக்டர் லீவு என்றா? கடைசியில் முடியாமல் உண்மையைக் கொட்டிவிட்டேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்டி. பல்லப் புடுங்கிட்டு வந்தேன்னு சொன்ன அன்னிக்கே என் கடையில உக்காந்து கடலை மிட்டாயக் கடக்கு கடக்குன்னு கடிச்சியே!"

"அப்ப... ஒங்க பல்லுவலி?"

"மேல் வரிசை முழுக்கக் கட்டுன பல்லு. அது எங்கிட்டு வலிக்கும்?" சிரிப்பு நின்றது. குரல் இறங்கியது. "மூணு மாசமா தூக்கம் இல்லடி. துணியை வெட்ட எடுத்தா அழுகையா வருது. அன்னிக்கு ஒன் பையில டாக்டரு சீட்டைப் பாத்ததுலருந்து அந்த மனசு டாக்டருகிட்டதான் வரணும்னு நெனச்சேன். உள்ள போட்டுப் பூட்டிருவாகளோன்னு பயம்."

பூட்டுவதா? பூட்டை உடைத்துக்கொண்டா நான் மாதாமாதம் ஊர் திரும்புகிறேன்?

"பேசிட்டு, மாத்திரை எழுதுனா வாங்கிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்க்கா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் டோக்கனைக் கூப்பிட்டபோது அவர் என் கையை விடவே இல்லை. மெல்லப் பிரித்து அனுப்பி வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"கொஞ்ச நாளைக்கு மாத்திரை, வாரம் ஒரு தடவை கவுன்சலிங். அம்புட்டுதான்! 'அட்மிட் ஆகணுமா'ன்னு கேட்டேன். 'எதுக்கு? கடையை யாரு பாக்குறது?'ன்னு டாக்டரம்மா கேக்குறாக!"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

சந்தோஷத்தோடு ஒரு குறுகுறுப்பும் இருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா மூன்று மாதம் முன்பே வந்திருப்பார். காய்ச்சல் என்றால் தெருவுக்கே சொல்கிறோம் — மனசுக்கு மட்டும் ஏன் இந்த ஒளிவுமறைவு?

கீரனூரில் இறங்கியதும் பக்கத்து வீட்டு மல்லிகா எதிரே வந்தாள். "ரெண்டு பேரும் எங்கிட்டுப் போயிட்டு வாரீங்க?"

எனக்கு வழக்கம்போல 'பல்' என்று வாய் வரை வந்துவிட்டது. அக்கா முந்திக்கொண்டார்.

"மனசு டாக்டருகிட்ட. அடுத்த வியாழக்கிழமையும் போறோம்."

மல்லிகா சுற்றும்முற்றும் பார்த்தாள். கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்:

"எத்தனை மணிக்குக்கா பஸ்ஸு?"