ஜெயராஜ் பேருக்கு யார் பதில் சொல்வது

ஜீவனஹள்ளியில் என் அறைக்கு அடுத்த வீடு பவுலின் டீச்சருடையது. சர்ச் நடத்தும் பள்ளிக்கூடத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. மில்லில் வேலை செய்த தம்பி ஜெயராஜ்தான் துணை. 1950-இல் மில் ஸ்டிரைக் நடந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். என்ன குற்றம், எந்த ஜெயில் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரில் பி.ஏ. பாஸ் செய்த முதல் ஆள் நான். அரசியல் சட்டத்தை இங்கிலீஷிலேயே படித்தவன். அதனால் டீச்சர் என்னைத்தான் கேட்டார்.

"ஏம்பா, கேஸே போடாம உள்ள வைக்கலாமா?"

"வைக்கலாம் டீச்சர். முன்னெச்சரிக்கைன்னு சொன்னா போதும். சட்டத்துல இடம் இருக்கு."

"அப்ப வெள்ளைக்காரன் எதுக்குப் போனான்?"

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். எதிர் பீடிக்கடையில் ஒரு புது ஆள் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தான்.

அவர்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் நோயாளிகளுக்காகவும் சிறையில் இருப்பவர்களுக்காகவும் ஜெபம் நடக்கும். டீச்சர் ஒவ்வொரு பேராகச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் சபை முழுவதும் "இரங்கும் ஆண்டவரே" என்று பதில் சொல்லும். அந்த ஞாயிறு துணைக்கு வரச் சொன்னார், போனேன். சபையார் ஐயர் என்று அழைக்கும் போதகர் வாசலிலேயே மறித்தார்.

"பவுலின், தம்பி பேரு வேணாம்மா. மனசுக்குள்ள ஜெபிச்சுக்க. ஸ்கூலுக்கு கவர்மெண்ட் தர்ற கிராண்டை நிறுத்திட்டா? அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னுதானே வேதத்துல நமக்குச் சொல்லியிருக்கு."

"கீழ்ப்படியறேன் ஐயரே. வரி கட்டறேன், அவங்க சொன்ன பாடத்தை நடத்தறேன். யாருக்காக ஜெபிக்கணும்னு மட்டும் அவங்க சொல்லக்கூடாது. அதையும் குடுத்துட்டா ஆண்டவர் தந்த விடுதலைன்னு எதைக் காட்டுறது?"

பேச்சு உறுதியாக வந்தது. புடவைத் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பீடிக்கடை ஆள் வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தான். நான் சுவர்ப் பக்கமாக நகர்ந்துகொண்டேன். மற்றவர்கள் எழுந்தால் அவனும் எழுந்தான். சந்தேகம் வரக் கூடாதென்றோ என்னவோ, ஒவ்வொரு பேருக்கும் எல்லோரையும்விடச் சத்தமாகப் பதில் சொன்னான்.

"சிறையில் இருக்கும் ஜெயராஜுக்காக" என்றார் டீச்சர்.

சபை வாயைத் திறக்கவில்லை. பதில் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன அவன் குரல் மட்டும் தனியாக எழுந்தது: "இரங்கும் ஆண்டவரே!"

எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் முகம் வெளுத்துவிட்டது. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது, பிறகு இன்னொன்று. கடைசியில் பாதிச் சபை முணுமுணுத்தது. போதகர் உதட்டை அசைக்கவில்லை.

வெளியே வந்ததும் அவன் ஓடிவந்தான்.

"டீச்சரம்மா, வாய் தவறி வந்துருச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. மேல தெரிஞ்சா என்னையே உள்ள தள்ளிடுவாங்க."

"நான் சொல்லமாட்டேன். என் தம்பி எங்க இருக்கான்?"

"எனக்குத் தெரியாதும்மா. எங்களுக்கும் சொல்றதில்ல."

வீட்டுக்குத் திரும்பினோம். டீச்சர் வீட்டுப் பூட்டு உடைந்து கிடந்தது. ஜெயராஜின் சட்டைகளும் புத்தகங்களும் தரையெல்லாம் இறைந்து கிடந்தன. டீச்சர் குனிந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார்.

"அடுத்த வாரம் வேணாம் டீச்சர்" என்றேன்.

"பயமாத்தான்பா இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறும் அந்தப் பேரைச் சொன்னார். பதில் சொல்லச் சபையில் பாதிப் பேர்கூட வந்திருக்கவில்லை.