‘கிடைக்கவில்லை’ என்று சொன்ன ஃபைல்

காலை பதினொன்று இருபதுக்குக் கொழுந்தன் ஃபோன் செய்தான். மதியச் சாப்பாட்டுக்கான தட்டுச் சீட்டுகளை அச்சிட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணி, அவ போயிட்டா அண்ணி" என்றான். மூன்று நாள் காய்ச்சல். முந்தின நாள் மாலைதான் வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். முப்பத்து நான்கு வயது.

அரை மணி நேரத்துக்குள் நானும் அவளும் வேலை பார்க்கும் மருத்துவமனை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. லிஃப்ட் ஓட்டுகிறவர் சமையற்கூடத்து அலுவலகத்துக்கு வந்து அவளுடைய காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றார். மருந்தகத்துப் பெண்கள் இரண்டு பேர் வாய்விட்டு அழுதார்கள். தட்டு கழுவுகிற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்லம்மா அவ" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்றுதான் முதலில் தோன்றியது. எண்ணிப் பார்த்தேன். நான்கு பேருக்கு மேல் தேறவில்லை.

அவள் என் ஓரகத்தி, என் கணவரின் தம்பி மனைவி. வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். நான் பட்டப்படிப்பு முடித்தவள். அவள் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிட்டுச் செருப்புக் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எந்த அளவு எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லுவாளாம். கல்யாணமான புதிதில் மாமியார் யாரிடமோ, "பெரியவ நல்லாப் படிச்சவ, சின்னவ நல்லா சூட்டிகையானவ" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த இரண்டில் எது உசத்தி என்று பதினோரு வருடம் யோசித்திருக்கிறேன்.

அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். அதைச் சொல்லிக்காட்டாத மாதம் கிடையாது. "ஆமாக்கா, நீங்க இல்லன்னா நான் இன்னும் செருப்பு மாட்டிவிட்டுட்டுதான் இருப்பேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று தேடுவேன். இருக்காது.

எங்கள் வேலை இதுதான். கணினியில், வார்டு எக்செல் ஃபைலில் படுக்கை எண்ணும் நோயாளி எண்ணும் இருக்கும். எந்த நோயாளிக்கு உப்பில்லாத சாப்பாடு, யாருக்குக் கஞ்சி, யாருக்கு ஒன்றுமே கூடாது என்பது உணவு நிபுணரம்மாவின் ஃபைலில் இருக்கும். இதில் எண்ணைப் பார்த்து, அதில் தேடி, சாப்பாட்டு வகையை இதில் தட்டச்சு செய்து, சீட்டாக அச்சிட்டுத் தட்டுகளுக்கு அனுப்ப வேண்டும். ஒன்பது வார்டு, முந்நூற்றைம்பது படுக்கை, மூன்று வேளை.

ஒருநாள் அவள் மருந்தகத்திலிருந்து ஓர் அட்டைத் துண்டோடு ஓடிவந்தாள். அதன் பின்பக்கம் அங்கிருக்கும் குமாஸ்தா எதையோ கிறுக்கிக் கொடுத்திருந்தார்.

"அக்கா, இங்க பாருங்களேன். நோயாளி நம்பரக் குடுத்தா போதும், அந்த ஃபைலுக்குப் போய் அதுவே தேடி எடுத்துட்டு வந்துடுது. வி-லுக்கப்னு பேராம்."

ஒரு கட்டத்தில் சூத்திரத்தை எழுதினாள். கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஒரு வார்டு முழுக்க ஒரே மூச்சில் நிரம்பியது. எனக்கு வயிறு எரிந்தது. "பாத்து, தப்புத்தப்பா வந்து தொலைக்கப்போகுது" என்றேன். என் வாயிலிருந்து வந்த பாராட்டு அவ்வளவுதான்.

அவள் ஃபைலில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். நிபுணரம்மா இன்னும் ஏற்றாத எண்ணாக இருந்தால், அந்தக் கட்டத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று சிவப்பில் வரும்படி செய்திருந்தாள். காலையில் பத்துப் பதினைந்தாவது அப்படி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வார்டைக் கூப்பிட்டுக் கேட்பாள். "சிஸ்டர், எட்டாம் பெட்டுல யாரு புதுசா? என்ன சாப்பாடு சொன்னாங்க? நீங்க சாப்ட்டீங்களா?" இப்படியே எல்லா வார்டுக்கும் அவள் குரல் பழகிப்போனது.

பிரிவுப் பொறுப்பாளர் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்ததும் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று இருந்தேன். எங்கள் மேலதிகாரிக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார். அவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "ஆளுக்கொரு ஃபைல் போடுங்க. ஒரு வாரம் பாக்கறேன். எது நல்லாருக்கோ அவங்கதான் பொறுப்பாளர்" என்றார்.

அவளிடம் கேட்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவள் எழுந்து போன நேரத்தில் சூத்திரத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். கடைசியில் ஒரு கமா, அதன் பிறகு ‘ஃபால்ஸ்’ என்று ஒரு சொல். அது எதற்கென்று புரியவில்லை. போடாமல் விட்டாலும் விடை வந்தது. வந்தது மட்டுமா, ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் வந்தது.

"சின்னவளே, உன் ஃபைல் அம்மை போட்ட மாதிரி செவப்பா இருக்கே. என்னோடதப் பாத்தியா? ஒண்ணாவது விட்டுப்போயிருக்கா?"

குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நேத்து சேந்தவங்கள நிபுணரம்மா இன்னும் ஏத்தவே இல்லயேக்கா. அவங்களுக்கும் எப்படி வருது?"

"அதுக்குத்தான் நாலெழுத்துப் படிச்சிருக்கணும்ங்கறது."

வியாழக்கிழமை என் ஃபைலின் முறை. காலை தட்டு வண்டி கிளம்பிய பிறகு, அவள் தன் திரையையும் என் சீட்டு நகலையும் மாறி மாறிப் பார்த்தாள். அறுவை சிகிச்சை வார்டு, பன்னிரண்டாம் படுக்கை. அவள் ஃபைலில் சிவப்பு. என் சீட்டில் ‘சாதாரண உணவு’. எழுந்து ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடி. நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது வார்டு வாசலில் மூச்சிரைக்க, மூடி திறக்காத தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நோயாளிக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில் அறுவை சிகிச்சை. தண்ணீர்கூடக் கூடாது.

"என்னாச்சு?" என்றார் சிஸ்டர்.

"சீட்டு மாறிப்போச்சு சிஸ்டர். எங்க தப்புதான்."

‘எங்க தப்பு’ என்றாள். படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னாள். "அக்கா, கடைசியில அந்த ஃபால்ஸ் போடணும். இல்லன்னா நம்பர் கிடைக்காதப்ப, அதுக்கு முந்தின நம்பர்காரங்களோட சாப்பாட்ட எடுத்துட்டு வந்துடும்."

"தெரியும். அவசரத்துல விட்டுப்போச்சு."

"சரிக்கா."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக அவளை வெறுத்திருப்பேன்.

அன்றைக்கே முதல் வார்டான அறுவை சிகிச்சை வார்டுக்கு மட்டும் சூத்திரத்தைத் திருத்தினேன். மற்ற எட்டிலும் திருத்தினால் என் ஃபைலும் அவளுடையதைப் போலச் சிவந்துவிடும். நாற்காலிக்கு ஒரு நாள்தான் இருந்தது. ஒரு வேளை சாப்பாடு மாறினால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ‘ரெண்டு நிமிஷம்’ இரண்டையும் பார்த்தார். "இதுல எல்லாம் நெறஞ்சு நீட்டா இருக்கு. இவங்க டிகிரி வேற" என்று என் பக்கம் கை காட்டினார். அன்றுமுதல் என் ஃபைல்தான் நடைமுறைக்கு வந்தது.

"இனிமே உங்களப் பாத்தா எந்திரிச்சு நிக்கணுமாக்கா?" என்று சின்னவள் என் தோளில் இடித்தாள். தோற்றவளுக்கு எங்கிருந்து இந்தச் சிரிப்பு வருகிறது என்று அதற்கும் எரிந்தேன். பொறுப்பாளர் ஆன பிறகும் வார்டிலிருந்து ஃபோன் வந்தால், "சின்னவங்க இல்லயா?" என்றுதான் கேட்பார்கள். ஐந்து வாரம் ஒரு தட்டுகூடத் தப்பாகப் போகவில்லை. என் ஃபைலின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் காய்ச்சலில் விடுப்பு எடுத்த மூன்று நாளும் என் ஃபைலில் அங்கங்கே சிவப்பு வந்தது. போகும்போது எதையோ கிளறிவிட்டுப் போயிருக்கிறாள், வரட்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கிறேன் என்று இருந்தேன். அதற்குள் அந்த ஃபோன் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று நிபுணரம்மா என் மேசைக்கு வந்தார்.

"தெனமும் உங்களுக்கு அரை மணி நேரம் முன்னாடியே வந்துடுவா. அவ ஃபைல்ல செவப்பா இருக்கற நம்பரெல்லாம் ஃபோன்ல சொல்லி என்னை ஏத்தச் சொல்லுவா. 'அக்கா வந்து பாக்கறப்போ எல்லாம் நெறஞ்சிருக்கணும்'னு சொல்லுவா. ஒவ்வொரு பெட்டா எங்கிட்ட சரிபாத்துட்டுதான் உங்க ஃபைல்ல அந்த சூத்திரத்த மாத்துவா. உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

"தெரியும்" என்றேன்.

அவர் போன பிறகு ஃபைலைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கிப் பார்த்தேன். இரண்டாம் வார்டில் எல்லாச் சூத்திரத்தின் கடைசியிலும் ஃபால்ஸ் இருந்தது. மூன்றிலும் இருந்தது. எட்டு வரை அப்படியே. என் பெயரில் இருக்கும் ஃபைலிலும் அவள்தான் என்னை முந்தியிருந்தாள். இதைச் சொல்லிச் சண்டை போடக்கூட இனி ஆள் இல்லை.

ஒன்பதாம் வார்டில் நாற்பது படுக்கை. இருபத்தாறு வரைதான் மாற்றியிருக்கிறாள். மீதிப் பதினான்கில் இன்னும் என் பழைய சூத்திரம்தான்.